ஆறடிக்கு ஆறடி

ஜூலை ஒன்பது. காலை ஆறு நாற்பது. ராத்திரிக் காற்றில் விழுந்தவை இருபத்துமூன்று யூக்கலிப்டஸ் மரங்கள். முறிந்த இலையின் தைல வாசனை தொண்டையைப் பிடிக்கிறது. நீ செத்த அன்றும் இதே வாசனைதான்.

ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் நட்டது தப்பில்லை. நெருங்கி நின்றால் வெளிச்சத்துக்காக நேராக ஏறும். கீழ்க்கிளை காய்ந்து உதிரும், பலகையில் கணு குறையும். ஆனால் சில வருடத்தில் கோணலையும் நோஞ்சானையும் வெட்டிக் கலைத்துவிட வேண்டும். வனவியல் படித்துவிட்டு நான் இந்தத் தோட்டத்துக்கு வந்தபோதே அது பிந்திவிட்டது. தோட்டத்தை நடத்தும் துரைக்கு எண்ணிக்கைதான் கணக்கு, சுற்றளவு அல்ல.

மரம் வெட்டும் மெஷின் வாளைத் தோளில் போட்டுக்கொண்டு அன்று நீ கிண்டலடித்தாய். "ஆபீசர் ஐயா மரத்துக்கெல்லாம் எடம் அளந்து குடுக்குறாரு. எங்க லயத்து வீட்டுல ஒரே காம்பராவுக்குள்ள ஏழு பேரு. நெட்டையா வளரலயா?"

"நெட்டையா வளருவ. தடிக்க மாட்டடா. காத்துக்கு ஒடிஞ்சிருவ."

"அப்ப லயத்துலயும் ஒண்ணு விட்டு ஒண்ண வெட்டச் சொல்லு."

பிந்திய தோப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலைக்கலாம் என்றேன். மரத்துக்கு விலை வந்ததும் ஒரே மூச்சில் ஒன்றுவிட்டு ஒரு வரிசையை வெட்டச் சொன்னார்கள். அதுவரை ஒன்றுக்கொன்று காற்றைத் தடுத்து நின்ற ஒல்லி மரங்கள் தனியாக நின்றன. வெட்டாமல் விட்ட ஒன்று முறிந்துதான் உன்மேல் விழுந்தது. உன் கவனக்குறைவு என்றது தோட்டத்து ஆபீஸ்.

மேட்டில் மிஞ்சிய மர வரிசை இப்போது கீழே உங்கள் லயத்து வீடுகளின் பக்கம் சாய்ந்து நிற்கிறது. உன் மனைவி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, அவரக் கொன்ன மரம் போயிருச்சு. எங்களக் கொல்லப்போறது எதுன்னு காட்டுங்க. அதப் பாத்துக்கிட்டாவது படுக்குறோம்."

காட்டினேன். வேர்ப்பக்கம் மண் பிளந்திருந்தது. அவர் அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

காத்துக்கு ஒடிஞ்சிருவ என்று அன்று உனக்குச் சொன்ன பதில் இன்னும் என் வாயில் கசக்கிறது. இனிச் செய்யப்போவது:

1. இப்போதே லயத்தைக் காலி செய்து எல்லோரையும் பாடசாலைக்கு அனுப்புவேன். துரையிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.
2. காற்று அடங்கியதும் மேட்டு வரிசையைக் கயிறு கட்டி, மேல்பக்கம் இழுத்து வெட்டுவிப்பேன். நானும் அங்கேயே நிற்பேன்.
3. கவனக்குறைவு உன்னுடையதல்ல என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். வேலை போனால் போகட்டும்.
4. லயத்துக்கு மேலே மறுபடி மரம் நடச் சொன்னால் மாட்டேன். வீடு கட்ட வேறு நல்ல இடம் கேட்பேன். ஏழு பேருக்கு ஒரு காம்பரா பத்தாதுடா.