ஏழு கை மெழுகு

அச்சுக்குள் இன்னும் படுத்திருக்கும் படகுக்குச் சொந்தக்காரரான என் அப்பாவுக்கு,

வாளையாரிலிருந்து எழுதுகிறேன். பழனிச்சாமி மாமா வீட்டில், சமையலறை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா கூடத்தில் பாயில் படுத்திருக்கிறாள். விளக்கைப் போட்டால் எழுந்துவிடுவாள் என்று, ரோட்டு வெளிச்சம் ஜன்னல் வழியாக விழும் இடத்தில் நோட்டை வைத்திருக்கிறேன். லாரி போகும்போதெல்லாம் வீடு கொஞ்சம் நடுங்குகிறது.

நாளைக் காலை உங்கள் படகை அச்சிலிருந்து எடுக்கப் போகிறார்கள். நீங்கள் போய் ஐம்பத்திரண்டு நாள் ஆகிறது. அம்மாதான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். போன வாரம் திடீரென்று, "போயி எடுத்துட்டு வந்துருவோம். அவுக படகு அங்க அனாதையாக் கெடக்க வேண்டாம்" என்றாள்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பயமாக இருக்கிறது. அதனால் முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன்.

மாட்டுப்பட்டி அணையில் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது. பழைய மரக்கட்டைகள் எல்லாம் தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. உங்களோடு அத்தனை வருஷம் ஸ்பீடு போட் ஓட்டிய மணி சித்தப்பா, போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டையில் இடித்து புரொப்பல்லரின் இலையை உடைத்துவிட்டார். "உங்கப்பன் இருந்தா என்னைய என்ன கிண்டல் பண்ணியிருப்பான் தெரியுமா?" என்றார். அப்புறம் வெகுநேரம் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தார். உங்கள் படகை இனி அவர்தான் ஓட்டப் போகிறார்.

அம்மா தேயிலை ஃபாக்டரிக்குப் போகிறாள், வருகிறாள். நீங்கள் படகுக்காகக் கொச்சியிலிருந்து வாங்கி வந்த பழைய ஜெட் எஞ்சின் லயத்து வீட்டு முன்னறையில்தான் இருக்கிறது. "இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று உங்களோடு சண்டை போட்டவள், இப்போது அதற்கு உங்கள் ஸ்வெட்டரைப் போர்த்தி வைத்திருக்கிறாள். பனி பிடித்துவிடுமாம்.

எனக்கு அந்தப் படகைப் பிடிக்காது அப்பா. இதை நான் உங்களிடம் சொன்னதே இல்லை. நீங்கள் அதை ஏன் செய்தீர்கள் என்று தெரியும். தண்ணீரில் விழுந்த ஒரு டூரிஸ்ட் குழந்தையைத் தூக்கக் குதித்தீர்கள். குழந்தையைக் கரை சேர்த்துவிட்டீர்கள். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினோடு உங்கள் படகே பின்னால் வந்து உங்கள் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. அன்றிலிருந்து நொண்டி நொண்டித்தான் நடந்தீர்கள். வெளியே இலையே இல்லாத படகு வேண்டும் என்றீர்கள். அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி அடித்து ஓடும் ஜெட் படகு. விழுந்தவர் பக்கத்தில் போய் நின்றாலும் ஒரு கீறல் படாது. முழங்கால் தண்ணீரிலும் போகும்.

எல்லாம் சரிதான். ஆனால் போன மழைக்காலத்திலிருந்து உங்கள் லீவு நாள் அத்தனையும் அதுவே எடுத்துக்கொண்டது.

ஆலப்புழையில் அச்சு தயாராக இருக்கிறது, ஒரு மாதத்தில் படகு கையில் கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அது கடலுக்கும் காயலுக்கும் செய்த அச்சு, நம் அணைக்கு ஆகாது என்றீர்கள். வாளையாரில் ஃபைபரில் பார்க் சறுக்குகளும் லாரி முகப்புகளும் செய்கிற பழனிச்சாமி மாமாவைப் பிடித்தீர்கள். நம் படகுத்துறையில் பெடல் படகுகளுக்கு ஒட்டுப்போட வந்துபோன பழக்கம். படகே செய்ததில்லை என்று அவர் எவ்வளவோ மறுத்தார். "நானும்தான் செஞ்சதில்ல அண்ணாச்சி. ரெண்டு பேருமாச் சேந்து தப்புப் பண்ணுவோம், வாங்க" என்றீர்கள்.

பலகையில் விலா எலும்பு மாதிரி அடுக்கி, மேலே பட்டி பூசி, தேய்த்துத் தேய்த்து முதலில் ஒரு மரப் படகு செய்தீர்கள். ஓடாத படகு, உருவத்துக்கு மட்டும். அதன் மேல் கண்ணாடி நாரும் ரெசின் பசையும் ஒட்டி அச்சை எடுத்தீர்கள். செக்போஸ்ட்டில் காத்து நிற்கும் லாரிக்காரர்கள் டீயோடு வந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

"ஏனுங்க, வாளையாருக்குக் கடல் எப்ப வருதுங்க?"

"அது வருதோ இல்லியோ, அடுத்த மழைக்கு நீங்க இதுல ஏறி செக்போஸ்ட்டைத் தாண்டிரலாமுங்க" என்பார் மாமா.

நீங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. வீட்டில் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

இப்போது சொல்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் பள்ளியில் ஆண்டு விழா. குழு நடனத்தில் முன்வரிசையில் இரண்டாவதாக நான் நிற்க வேண்டும். அம்மாவுக்கு ஃபாக்டரியில் லீவு கிடைக்கவில்லை. என்னை விழாவுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவர ஆள் இல்லை. நீங்கள் என்னை வாளையாருக்குக் கூட்டி வந்துவிட்டீர்கள். பஸ்ஸில் வழியெல்லாம் நான் பேசவில்லை. தூங்குகிறேன் என்று நினைத்து என் தலையை உங்கள் தோளில் சாய்த்துக்கொண்டீர்கள்.

அன்று அச்சுக்கு மெழுகு போடும் வேலை. புது அச்சுக்கு ஏழு கை போட வேண்டும் என்றார் மாமா. ஒரு கை பூசித் துடைத்து, ஒரு மணி நேரம் காயவிட்டு, அடுத்த கை. மெழுகு குறைந்தால் படகு அச்சோடு ஒட்டிக்கொள்ளும். வால் பக்கத்தில் தண்ணீர் உறிஞ்சும் குழாய்க்காக ஒரு மேடு இருக்கிறது அல்லவா, அதற்கும் பின்சுவருக்கும் நடுவே ஒரு குறுகலான இடுக்குதான். உங்கள் கையும் மாமா கையும் நுழையவில்லை. "செல்வி, அந்த மேடும் இடுக்கும் உன் பொறுப்பு" என்று துணியையும் டப்பாவையும் என்னிடம் கொடுத்தீர்கள். ஒவ்வொரு கை முடிந்ததும் அச்சின் வெளிப்பக்கம் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். உங்கள் பக்கம் உங்கள் கோடு, என் பக்கம் என் கோடு.

மூன்று கை போட்டேன் அப்பா. மூன்றுதான்.

நான்காவது கைக்குக் குனிந்தபோது மணி இரண்டு. அங்கே விழா தொடங்கியிருக்கும். என் இடத்தில் யாரோ நின்றுகொண்டிருப்பாள். துணியைக் காய்ந்த இடத்திலேயே இரண்டு முறை ஆட்டிவிட்டு, வெளியே வந்து நான்காவது கோட்டைப் போட்டேன். ஐந்தாவதுக்குத் துணியைக்கூடத் தொடவில்லை. ஆறு, ஏழு எல்லாம் வெறும் கோடு. சோம்பல் இல்லை. எனக்குக் கோபம். உங்கள் படகின் ஒரு மூலையாவது சரியில்லாமல் போகட்டும் என்று நினைத்தேன். நினைத்தேன் அப்பா, பொய் சொல்லவில்லை.

ஜெல்கோட் என்கிற மேல்பூச்சை அடிக்கும் முன்னால் மாமா ஒரு கேனை எடுத்து வந்தார். மெழுகுக்கு மேல் தெளிக்கிற ஒரு மருந்து. மெல்லிய தாள் போல் படிந்து, மெழுகு எங்காவது விட்டுப்போயிருந்தாலும் ஒட்டவிடாதாம். "புது அச்சப்பா வேலு, ஒரு தெளி தெளிச்சுக்கலாம்" என்றார். அதைத் தெளித்தால் மினுமினுப்பு குறையும் என்று நீங்கள் வேண்டாம் என்றீர்கள்.

"என் புள்ள ஏழு கை போட்டிருக்கா. அதுக்கு மேல எதுக்கு அண்ணாச்சி மருந்து?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போது வாயைத் திறந்திருந்தால் என்ன? ஏன் திறக்கவில்லை?

மறுநாள் முழுக்க நாரும் ரெசினும் ஒட்டினீர்கள். கடைசியாக அந்த மேட்டை முடித்துவிட்டு எழுந்தபோது கால் வழுக்கி, உறையைக் கழற்றியிருந்த இடது கையை அதன் மேலேயே ஊன்றிவிட்டீர்கள். ஐந்து விரலும் அப்படியே பதிந்துவிட்டன. தேய்த்துவிடலாமா என்று மாமா கேட்டார். "கெடக்கட்டும், அதுக்கு மேல எஞ்சின்தான் உக்காரப்போகுது, யாரு பாக்கப்போறா" என்றீர்கள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கையைக் கழுவிக்கொண்டே வலிக்காத மாதிரி முகத்தை வைத்திருந்தீர்கள்.

புதன்கிழமை காலையில் உங்களிடம் சொல்லிவிடத்தான் வந்தேன். நீங்கள் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்றேன். "சாயங்காலம் சொல்லு தாயி, முதல் ட்ரிப்புக்கு ஆள் நிக்குது." பதினோரு மணிக்குப் படகுத்துறையில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்களாம். என்னைக் கணக்கு வகுப்பிலிருந்து கூப்பிட்டார்கள்.

ஒட்டினால் சின்னதாக ஒட்டும், கொஞ்சம் சுரண்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இன்று சாயங்காலம் வரைக்கும்.

பின்பக்கம் கை கழுவப் போனேன். சுவரோரம் ஒரு லாரி முகப்பின் அச்சு இரண்டாகப் பிளந்து கிடந்தது. உள்ளே முகப்பின் பாதி ஒட்டிக்கொண்டு, விளிம்பெல்லாம் நார் நாராகத் தொங்கியது. மாமாவின் மனைவி சரசு அத்தை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். இது என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அதுங்களா அம்மிணி, மெழுகு போட்டவன் ஒரு எடத்த உட்டுப்போட்டான். இழுத்தா வருல. இன்னும் இழுத்தாங்க. ரெண்டும் போச்சு. வெறும் உள்ளங்கையளவு எடந்தான், பாத்துக்க."

கையைக் கழுவாமலே உள்ளே வந்துவிட்டேன்.

அம்மா பட்டறையில் இருந்தாள். படகை முதல் முறையாகப் பார்க்கிறாள். அச்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள். வால் பக்கம் வந்ததும் நின்றுவிட்டாள். அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள். குனிந்து தன் கையை உங்கள் கை பதிந்த இடத்தில் வைத்தாள். அவள் விரல்கள் உங்கள் விரல்களுக்குள் சின்னதாக அடங்கிவிட்டன. எடுக்கவே இல்லை. நான் அங்கே நிற்பதை அவள் மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். சாவு வீட்டில் அவள் அழுத அழுகை வேறு. இது சத்தமே இல்லாமல் இருந்தது.

சாப்பிடும்போது நாளைய வேலையைப் பற்றி மாமா சொன்னார். "மொதல்ல முன்மூக்குல சங்கிலி மாட்டி மெதுவா ஏத்துறனுங்க. அது கெளம்பீருச்சுன்னா வால் பக்கம் தானா வந்துருமுங்க."

வராது அப்பா. முன்பக்கம் தூக்கினால் எடை எல்லாம் வாலில்தான் இறங்கும். அந்த மேட்டில்தான் கிழியும்.

"வால் பக்கம் பூராவும் இவ மெழுகு போட்டதுதான்" என்று அம்மா சரசு அத்தையிடம் சொன்னாள். "ஊருக்கு வந்த ரெண்டு நாளும் லயம் முழுக்க வீடு வீடாச் சொல்லிட்டுத் திரிஞ்சாக. அவுக சொல்லி அலுக்கவே இல்ல."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"காரமா இருக்குதா அம்மிணி?"

தலையை ஆட்டினேன். அத்தை தயிர் ஊற்றினார். அப்போதும் சொல்லவில்லை.

ஃபைபரில் எது கிழிந்தாலும் ஒட்டிவிடலாம் என்று மாமா அடிக்கடி சொல்வார். வேறு நாரை வைத்து, வேறு ரெசின் ஊற்றி, வெளியே தெரியாமல் ஒட்டிவிடுவார். படகும் ஓடும். ஆனால் உங்கள் கை? அதை யார் ஒட்ட முடியும்? உங்கள் உடம்பின் தடம் என்று அம்மாவுக்கு உலகத்தில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதையும் நான் நாளைக்கு அவள் கண் முன்னால் உடைக்கப் போகிறேன்.

சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். மாமா சங்கிலியை விட்டுவிட்டு வாலிலிருந்து தொடங்குவார். மரத்திலிருந்து அச்சை எடுத்தபோது நீங்கள் செய்த மாதிரி, ஓரத்தில் மர ஆப்பு வைத்து, இடுக்கில் தண்ணீர் விட்டு, நாள் முழுக்க ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாக. வரலாம். வராமலும் போகலாம். ஆனால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். வீடு வீடாக நீங்கள் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். அவள் அடித்தால் வாங்கிக்கொள்வேன். அடிக்காமல், ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தால்? அதுதான் பயம். உங்களுக்குப் பிறகு எனக்கு அவள் மட்டும்தான் இருக்கிறாள்.

அப்பா, நீங்கள் இருந்திருந்தால் திட்டியிருப்பீர்களா? சிரித்திருப்பீர்களா? எனக்குத் தெரியவே போவதில்லை, இல்லையா?

இப்போது அம்மா புரண்டு படுத்தாள்.

"ஏட்டி, தூங்கலியா? இருட்டுல என்ன எழுதுத?"

"கணக்கும்மா."

"கண்ணு போயிரும். வந்து படு."

இன்னொரு பொய். அவள் மறுபடி தூங்கவில்லை. மூச்சைக் கேட்டால் எனக்குத் தெரியும். நீங்கள் போனதிலிருந்து நானும் அவளும் ஒரே போர்வைக்குள்தான் படுக்கிறோம்.

உங்களுக்குச் சத்தியம் செய்து தருகிறேன். காலை வரைக்கும் வைத்திருக்க மாட்டேன். மாமாவிடம் சொல்வதற்கு முன்னால் அம்மாவிடம் சொல்லிவிடுவேன். நான்கு கை போடவில்லை என்பதை மட்டும் அல்ல, ஏன் போடவில்லை என்பதையும். இந்தப் பேனாவை மூடியதும் எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அதனால்தான் இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டே இருந்தேன் என்று இப்போதுதான் எனக்கே புரிகிறது.

மூடுகிறேன் அப்பா.

உங்கள் புள்ள,
செல்வி