மண்டபத்தில் விற்றுத் தீர்ந்த முருங்கைப் பொடி

பண்ணைப்புரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வேல்விழிக்கு அப்பா எழுதுவது. இங்கன நான், உன் அம்மா, அவளுடைய மூட்டுவலி மூவரும் நலம். அங்கன பூனாவில் நீயும் உன் உடம்பும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று சுருளி வேலப்பரைக் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடுதாசி என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். இது கட்டைவிரல் போடுகிற சமாசாரம் இல்லை தாயி. ஊர்ச் செய்தி என்றால், உன் சுருளியம்மாள் அத்தை மருமகளோடு மறுபடியும் பேச்சை நிறுத்திவிட்டாள், இந்தத் தடவை காரணம் கிரைண்டர். திராட்சைக்கு விலை இல்லை. மற்றபடி சொல்ல வேண்டியது என் லட்சணம்தான்.

உத்தமபாளையத்தில் ஒரு தொண்டு நிறுவனம் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொந்தத் தொழில் தொடங்கப் பயிற்சி கொடுக்கிறது, அப்பா அங்கே வாத்தியார் என்று முன்பே சொன்னேன். ஆள் எடுக்கும்போது சென்னையிலிருந்து வந்த மேடம், எத்தனை தொழில் செய்திருக்கிறீர்கள் என்று கேட்டாக. காளான், காடைப் பண்ணை, ஜெராக்ஸ் கடை, ஐஸ் கம்பெனி, ஆக நாலு என்றேன். நாலும் எப்படி முடிந்தது என்று அவர்கள் கேட்கவில்லை, கேட்காததைச் சொல்வது மரியாதை இல்லை என்று நானும் விட்டுவிட்டேன். உன் அம்மாதான், நாலு தடவை முங்கினவரைக் கூப்பிட்டு நீச்சல் சொல்லிக்குடுக்கச் சொல்றாகளாக்கும் என்று அன்றைக்கெல்லாம் சிரித்தாள். என் வாய் உனக்குத் தெரியும். சம்பளம் வாங்கப் போகாதே, சம்பளம் கொடுக்கிற ஆளாக ஆகு என்று இருபது பிள்ளைகள் முன்னால் நின்று நான் சொன்னால் எனக்கே புல்லரிக்கும். அந்த இருபதில் ஒருத்தி சுபாஸ்ரீ. பன்னிரண்டாவது முடித்தவள், ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் கூலிக்குப் போகிற மொக்கம்மாளின் மகள். நான் என்ன தொழில் பண்ணலாம் சார் என்று கேட்டாள், முருங்கைக்கீரைப் பொடி என்றேன். வீட்டுக்கு ஒரு முருங்கை நிற்கிற ஊரில், கையை நீட்டினால் கீரை கிடைக்கிற ஊரில், அதைக் காயவைத்து இடித்துப் பாக்கெட்டில் போட்டு விற்கச் சொன்ன அறிவாளி உன் அப்பாதான்.

பயிற்சி முடிவில் ஒரு மாதிரிச் சந்தை நடத்த வேண்டும். மைதானம் கிடைக்காமல் கல்யாண மண்டபத்தைப் பிடித்தோம். அழைப்பிதழ் அடித்து, சொந்தபந்தத்துக்கெல்லாம் வையுங்கள் என்று பிள்ளைகள் கையில் கொடுத்ததும் நானே. மண்டபம், மைக்செட், அழைப்பிதழ் எல்லாம் இருந்தால் நம் சனம் அதை என்னவென்று எடுத்துக்கொள்ளும், விசேஷம் என்றுதான் எடுத்துக்கொண்டது. தோட்ட வேலையை விட்டுவிட்டு, தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டிக் குடும்பம் குடும்பமாக வந்தாக. சுபாஸ்ரீயின் தாய்மாமன் சின்னக்கருப்பு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வந்து அவள் கழுத்தில் மாலையைப் போட்டு, மருமக மொத வியாபாரம், மாமன் வாங்காம யாரு வாங்குவா என்று முப்பது பாக்கெட்டை எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்து அவள் பெரியப்பா சும்மா இருப்பாரா, அவர் நாற்பது. ஒரு மணி நேரத்தில் எல்லாப் பிள்ளைகளின் மேசையும் காலி. சாப்பாடு எந்தப் பக்கம் போடுறாக என்று நாலைந்து பேர் என்னிடமே கேட்டார்கள், அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை ஆத்தா. மேடம் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். எனக்கோ ஐம்பத்து மூன்று வயதில் முதல்முறையாக ஒரு தொழிலில் ஜெயித்துவிட்ட மயக்கம்.

அந்த மயக்கத்தில்தான் அந்தத் தப்பைச் செய்தேன். சுபாஸ்ரீக்குத் தேனியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை கிடைத்திருந்தது, ஒன்றாம் தேதி சேர வேண்டும். போகவா சார் என்று வந்து நின்றாள். ஒரு மணி நேரத்தில் அத்தனையும் விற்றவள் அடுத்தவர் கடையில் பில் போடுவதா என்றேன். மொக்கம்மாள் இழுத்தாள், அவளையும் பேசி மடக்கினேன். அந்த வேலை வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டது. கம்பம் ரோட்டில் நிறுவனத்தார் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள், நான் ரிப்பன் வெட்டினேன், மறுநாளிலிருந்து ஈ காக்கை வரவில்லை. விலையைக் குறை, பாக்கெட்டை மாற்று, பெயரை மாற்று என்று புத்தகத்தில் இருந்த அத்தனையும் சொல்லிப் பார்த்தேன். கடை இருந்த மூன்று மாதமும் விடாமல் வாங்கியது நான் ஒருவன்தான். நம் வீட்டில் இட்லி பச்சை, தோசை பச்சை, கடைசியில் உன் அம்மா முகமே பச்சை. ஒரு நாள் மொக்கம்மாளிடமே கேட்டேன், அன்றைக்கு அத்தனை பேர் வாங்கினார்களே, இப்போது ஏன் ஒருத்தரும் வரவில்லை என்று. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. விசேஷத்துக்கு ஒருக்காத்தான சார் வருவாக என்றாள்.

கொட்டகையைப் பிரித்த அன்று சுபாஸ்ரீ சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டே, உங்க மக என்ன தொழில் சார் பண்றாக என்று கேட்டாள். குத்தல் இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். பூனாவில் கம்பெனி வேலை, மாதச் சம்பளம் என்றேன். கொஞ்ச நேரம் கயிற்றை முடிச்சுப் போட்டாள். அப்புறம், “அப்ப அதுக்கு எப்படிப் போறதுன்னு சொல்லிக்குடுத்திருக்கலாம்ல சார்” என்றாள். மயிலாடும்பாறையில் இருந்த நம் காட்டை விற்று உன்னைப் படிக்க வைத்தோம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது. விற்பதற்கு அவளிடம் என்ன இருக்கிறது, முருங்கைப் பொடி.

இப்போது அம்மாவோடு அவளும் விடிகாலை ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி ஏலக்காய் எடுக்கப் போகிறாள். மொதலாளியம்மா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க என்று ஜீப்பில் பொம்பளைகள் கேலி பண்ணுகிறார்களாம். அதைக்கூடத் தாங்கிக்கொள்கிறாள். ஆனால் அடுத்த வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்க நிறுவனம் வைத்த ஃப்ளெக்ஸ் பேனர், ஜீப் நிற்கிற இடத்தில்தான் நிற்கிறது. மண்டபத்தில் மாலையோடு சிரித்த அவள் படம், கீழே இளம் தொழிலதிபர் என்று கொட்டை எழுத்து. அதை மட்டும் எடுக்கச் சொல்லுங்க சார் என்று கேட்டாள். மேடத்திடம் சொன்னேன், நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கிறவர்கள் பங்குனியில் பார்க்க வருகிறார்கள், அதுவரை இருக்கட்டும் என்றுவிட்டார்கள். வியாழக்கிழமை விடியுமுன் நானே பிளேடோடு போனேன். ஒரு மூலைக் கயிற்றை அறுப்பதற்குள் ஜீப் வந்துவிட்டது. உன் அப்பாவின் வீரம் உனக்குத் தெரியும், பிளேடைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்க வந்தவன்போல நின்றேன். ஜீப்பின் பின்னால் பதினெட்டுப் பேர் நெருக்கத்துக்குள்ளிருந்து அந்தப் பிள்ளை, வகுப்பில் எழுந்து நின்று சொல்வாளே அதே குரலில், குட் மார்னிங் சார் என்றது. மறுநாள் யாரோ அந்த மூலையைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். நாளைக்கு அடுத்த வகுப்பு. நான் போகத்தான் போகிறேன். சம்பளத்துக்குப் போகாதே என்று சொல்வதற்குக் கிடைக்கிற அந்தச் சம்பளத்தில்தான் உன் அம்மாவுக்கு மூட்டுவலி மாத்திரை வாங்குகிறோம்.

நேரத்துக்குச் சாப்பிடு. மேலதிகாரி ஏதாவது சொன்னால் பொறுத்துக்கொள், வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஏதாவது என்று மட்டும் யோசிக்காதே, அப்பா வகுப்பில் சொல்வதெல்லாம் உனக்கு இல்லை. எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் உன் தலையைத் தொட்டு ஆசீர்வதிக்கிறோம். மறக்காமல் ஒன்று செய். பன்னிரண்டாவது படித்த பிள்ளைக்கு உன் கம்பெனியில் ஏதாவது உண்டா என்று விசாரி. இல்லை என்பார்கள், எனக்கும் தெரியும். இல்லை என்றால் இல்லை என்றே எழுது. பார்க்கலாம், சொல்லி வைத்திருக்கிறேன் என்று மட்டும் எழுதிவிடாதே. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன், போய் அவளிடம் சொல்லிவிடுவேன். அதை நம்பி அந்தப் பிள்ளை மறுநாள் ஜீப் ஏறாமல் நின்றுவிடும்.

இப்படிக்கு
உன் அப்பா
சுந்தர்ராஜ்