ஏழாவது முள்

பணிநாள் 212. காலை 6.30

தென்முனைப் பனி நிலையம், செவ்வாய். பணியில் அன்னக்கொடி, குழாய்ப் பொறியாளர். வேறு ஆள் இல்லை.

உருக்கிய பனி வழக்கமான அளவு. பிரித்த ஆக்சிஜன் வழக்கமான அளவு. செம்பாறை நகரத்துக்குப் போகும் பெருங்குழாயில் அழுத்தம் சரி.

முதலில் மன்னிக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் அளவுகளைத் தவிர எதையும் எழுதக் கூடாது. குறிப்பு தானாகவே மேலே சுற்றும் செயற்கைக்கோளுக்குப் போகிறது. அங்கிருந்து யார் எடுத்துப் படிக்கிறார்கள், யாராவது படிக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் எழுதுகிறாள் என்று நினைக்க வேண்டாம். இன்று காலை உத்தரவு வரவில்லை. அதை எங்காவது சொல்லியாக வேண்டும்.

நீங்கள் வெளியூர்க்காரராக இருக்கலாம் என்பதால் விளக்குகிறேன். செம்பாறை நிலத்துக்கு அடியில் குடைந்த நகரம். அதை ஆள்பவரைப் பெருந்தகை என்று அழைக்கிறோம். காலைதோறும் ஒலிபெருக்கியில் அவர் குரல் வரும்: "இன்றும் மூச்சு விடுங்கள்." தெருவில் நின்று எல்லோரும் பதில் சொல்ல வேண்டும்: "தந்தீர்கள், வாழ்கிறோம்." அதன் பிறகுதான் காற்று திறக்கும் என்பது நம்பிக்கை.

உண்மை என் எதிரே சுவரில் இருக்கிறது. ஏழு அளவுமானிகள், ஏழு முட்கள். நகரத்தின் ஆறு வட்டங்களுக்கான முட்களும் உத்தரவுக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில்தான் நிற்கும். அந்த வால்வுகள் என்றைக்கும் மூடியதே இல்லை. ஏழாவது முள் மட்டும் அவர் குரலுக்குப் பிறகே எழும். அது ஏழாம் சுரங்கம். சிறை.

என் தம்பி சோணைமுத்து அங்கே இருக்கிறான். தெரு முழுக்கப் பதில் சொன்னபோது வாயைத் திறக்காமல் நின்றான். அவ்வளவுதான் குற்றம்.

நகரக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வேலாண்டி அண்ணன் பேசியது: "என்ன தாயி, ஐஸெல்லாம் சௌக்கியமா? உத்தரவு இன்னைக்கி லேட்டு. பெருந்தகைக்கு வயித்தக் கலக்குதோ என்னமோ. நான் சொன்னேன்னு எழுதிப்புடாத."

ஏழாவது முள் பூச்சியத்தில் இருக்கிறது.

பணிநாள் 212. காலை 9.15

வேலாண்டி அண்ணன்: "தாயி! போயிட்டாரு! ராத்திரியே போயிட்டாராம். கதவத் தட்டி எழுப்ப ஒருத்தனுக்கும் தைரியமில்ல. காபி கொண்டுபோனவன் வாசல்லயே நின்னு காபி ஆறிப்போச்சாம். காவக்காரப் பயலுவ சட்டையக் கழட்டிப் போட்டுட்டு ஓடுறானுவ!"

பின்னால் ஆரவாரம். யாரோ சிரித்துக்கொண்டே அழுகிறார்கள்.

நானும் அழுதேன். சோணை வெளியே வருவான். முதல் வார்த்தையாக என்ன கேலி செய்வான் என்றுகூட யோசித்துவிட்டேன். போன தடவை பேச அனுமதித்தபோது, "அக்கா, ஐஸ் விக்கத்தான் டிகிரி படிச்சியா?" என்றான். ஒரு நிமிடம்தான் அனுமதி. அதில் பாதியைச் சிரித்தே வீணாக்கினான்.

பணிநாள் 212. முற்பகல் 11.40

பெருந்தகை பேசும் குரல் மண்டபத்தை உடைத்துத் தீ வைத்துவிட்டார்கள். அவர் குரலை அறிந்து உத்தரவு அனுப்பும் பெட்டி எரிந்துவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஏழாம் சுரங்கத்தின் வால்வு அந்தப் பெட்டிக்குத்தான் திறக்கும்.

வேலாண்டி அண்ணனைக் கூப்பிட்டேன். சொல்ல வந்ததைச் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். எனக்கு அப்படித்தான் பேச வரும். அவர் சொன்னது: "இன்னைக்கிக்கூட முள்ளப் பாத்துக்கிட்டா இருக்க? நான் மேளத்த எடுத்துட்டுச் சுரங்க வாசலுக்குத்தான் போறேன். ஒன் தம்பிய மேளம் அடிச்சு ஆடிக் கூட்டியாறோம். நீ பொங்கித் தின்னுட்டுத் தூங்கு, தாயி."

இணைப்பு போய்விட்டது.

சுரங்கத்தின் வரைபடம் என்னிடம் இருக்கிறது. உள்ளே தேங்கியுள்ள காற்று நாளை விடியும் வரை தாங்கும். நேரம் இருக்கிறது.

பணிநாள் 212. பிற்பகல் 2.50

கட்டுப்பாட்டு அறையில் இப்போது ரூபன் என்ற இளைஞர். விடுதலைக் குழுவின் செயலாளராம். பேச்சை அப்படியே பதிகிறேன்.

"வாழ்த்துகள் தோழர்! கைதிகளா? நாளைக்கு மதியம் பெரிய விழா. மேடை போட்டாச்சு, மாலைக்குச் சொல்லியாச்சு. கதவ யார் திறக்கிறதுன்னுதான் ரெண்டாம் வட்டத்துக்கும் அஞ்சாம் வட்டத்துக்கும் சண்டை. அவங்க ஆளு திறந்தா இவங்க வர மாட்டாங்களாம். அத முடிச்சிட்டு வர்றேன்."

ஏழாம் சுரங்கத்துக்குக் காற்று போகவில்லை என்று சொன்னேன்.

"இனிமே உத்தரவே கிடையாது தோழர். காத்து எல்லாருக்கும் சொந்தம். இன்னைக்கு முதல் தீர்மானமே அதுதான்."

தீர்மானம் வால்வுக்குத் தெரியாது என்றேன். சிரித்தார். நல்ல வாசகம், மேடையில் சொல்கிறேன் என்றார்.

சுரங்க வாசலின் இடப்பக்கத் தகட்டைக் கழற்றினால் கைச்சக்கரம் இருக்கும், பெரிய ஸ்பேனர் ஒன்று போதும் என்று சொல்ல ஆரம்பித்தேன். பின்னால் மேளம். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பணிநாள் 212. மாலை 5.20

மூன்று தடவை கூப்பிட்டேன். "சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்றுதான் ஒவ்வொரு தடவையும் தொடங்கினேன். யாரும் எடுக்கவில்லை.

இங்கே இந்தப் பருவத்தில் சூரியன் மறைவதில்லை. பனிமேல் அதே வெளிச்சம். ஏழாவது முள் அசையவில்லை.

பெருங்குழாயின் சக்கரம் இந்த அறையில்தான் இருக்கிறது. அழுத்தம் குறைந்தால் நகரம் முழுக்க அபாயச் சங்கு ஊதும். எல்லா ஒலிபெருக்கிகளும் தானாக இந்த நிலையத்தோடு இணையும். விபத்துக்காகச் செய்த ஏற்பாடு.

பணிநாள் 212. மாலை 5.45

சக்கரத்தைத் திருப்பினேன்.

ஆறு முட்களும் கீழே இறங்கின. நான் சொன்னது: "ஏழாம் சுரங்கத்தைத் திறங்கள். வாசலுக்கு இடப்பக்கம் தகடு. அதைத் திறக்கும் வரை யாருக்கும் காற்று தர மாட்டேன்."

அது என் குரலா என்று எனக்கே சந்தேகம். ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

மேளம் நின்றது. அவ்வளவு பெரிய நகரம் ஓசையற்றுப் போனதை முதல்முறையாகக் கேட்டேன்.

பணிநாள் 212. மாலை 6.10

ஏழாவது முள் எழுந்தது. சக்கரத்தை முழுக்கத் திறந்துவிட்டேன்.

ஒலிபெருக்கி இணைப்பு அறுபடவில்லை. முதலில் ஒரு முதிய குரல். பிறகு பத்து. பிறகு தெருத்தெருவாக. "தந்தீர்கள், வாழ்கிறோம்."

நான் எதையும் தரவில்லை. நிறுத்தினேன், விட்டேன்.

பணிநாள் 213. காலை 7.00

அளவுகள் எழுதவில்லை. பிறகு எழுதுகிறேன்.

வேலாண்டி அண்ணன் பேசினார்.

"நாப்பத்தோரு பேரு தாயி உள்ள. பத்தொம்போது பேருக்கு உசுரு இருக்கு. ஒன் தம்பி கதவு ஓரத்துல கெடந்தான். கையெல்லாம் ரத்தம்."

வரைபடம் இருபது பேருக்குப் போட்டது. நான் இருபது பேருக்குத்தான் கணக்குப் போட்டேன்.

அவர் நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கலாம்.

"மத்தியானத்துலருந்து உள்ளருந்து தட்டுனாங்க தாயி. நம்ம மேளத்துக்குத்தான் தாளம் போடுறாங்கன்னு நெனச்சோம். சந்தோசத்துல தட்டுறாங்கன்னு. நாங்களும் பதிலுக்கு வாசிச்சோம். அவங்க வேகமாத் தட்டத் தட்ட நாங்களும் வேகமா வாசிச்சோம். நாந்தான் தாயி முன்னால நின்னு வாசிச்சேன்."

அவர் அழுது முடிக்கும் வரை கருவியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பணிநாள் 214. காலை

சோணையை நேற்று அடக்கம் செய்தார்கள். விழாவுக்கு வைத்திருந்த மாலைகளையே போட்டார்களாம். பெருந்தகையின் உடலை யாரும் கேட்கவில்லை, அது அந்த அறையிலேயே இருக்கிறது.

நான் போக முடியாது. வண்டி இல்லை. நான் எழுந்து போனால் பம்புகளைப் பார்க்க ஆள் இல்லை.

இரண்டு கோப்பை தேநீர் போட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

பணிநாள் 216. காலை 6.20

ரூபன் பேசினார். "அம்மா, ஒரு வேண்டுகோள். ஜனங்க தூங்க மாட்டேங்கிறாங்க. காலையில ஒலிபெருக்கிக்குக் கீழ வந்து நிக்கிறாங்க. குழந்தைங்க மூச்ச அடக்கிப் பாக்குதுங்க. நேத்து கூட்ட நெரிசல்ல ஒருத்தர் கால் முறிஞ்சிருச்சு. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா நிம்மதியாப் போயிருவாங்க. வேற ஒண்ணும் வேணாம்."

நான்கு நாளுக்கு முன் இவருக்கு நான் தோழர்.

மாட்டேன் என்றேன். வால்வுகள் மூடுவதே இல்லை, மூடியதும் இல்லை என்றேன். "நீங்க மூடுனீங்களே அம்மா" என்றார். கேலியாக இல்லை. பயந்து.

சொன்னேன். "பயப்படாதீர்கள், காற்று வரும்" என்றுதான் சொன்னேன். குரல் நடுங்கியது. நகரம் பதில் சொன்னது.

பணிநாள் 218. காலை 6.40

இன்று குரல் நடுங்கவில்லை.

இந்தச் சக்கரத்தை எடுத்துவிட ஆள் அனுப்புங்கள் என்று குழுவிடம் கேட்டேன். தனி ஆளால் கழற்ற முடியாது, முயன்றால் குழாய் அடைத்துக்கொள்ளும். உங்களைவிட நம்பிக்கையான கை வேறு யாருக்கு இருக்கிறது என்றார்கள். எல்லோரும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்களாம்.

வேலாண்டி அண்ணன் அளவுகளைக் கேட்டுக்கொண்டார். "சாப்ட்டீங்களா" என்றார். தாயி என்று சொல்லவில்லை. சொல்லுங்கள் அண்ணே என்றேன். "அதெப்படிங்க" என்றார்.

பணிநாள் 219. காலை 6.50

மூன்றாம் வட்டத்தில் ஒரு பையன் பதில் சொல்லாமல் நின்றானாம்.

ரூபன்: "பேரக் குறிச்சு வச்சிருக்கோம் அம்மா. என்ன செய்யணும்னு நீங்க சொன்னாப் போதும்."

விட்டுவிடுங்கள் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன். என் வலது கை சக்கரத்தின் மேல் இருந்தது. எப்போது போனது என்று தெரியவில்லை.

அந்தப் பையன்மேல் கோபம் வந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். சோணை செத்த பிறகுதானே உங்களுக்கு இந்த மூச்சு, ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாததற்காகத்தான் சோணை உள்ளே போனான்.

அந்தப் பையனின் பெயரை நான் கேட்கவில்லை. ரூபனாகச் சொன்னார். மறக்கப் பார்க்கிறேன். மறக்கவில்லை.

பணிநாள் 219. காலை 7.30

இத்தனை நாள் கேட்கக் கூச்சமாக இருந்தது. யாரென்று தெரியாதவரிடம் எப்படிக் கேட்பது. இப்போது கேட்கிறேன்.

வாருங்கள். இரண்டு பேராக வாருங்கள், பெரிய ஸ்பேனரோடு. இந்தச் சக்கரத்தை இங்கிருந்து எடுத்துவிடுங்கள். இனி எந்த ஒரு கைக்கும் இது எட்டக் கூடாது, என் கைக்கும்.

பனிமேட்டைத் தாண்டும்போது உங்கள் வண்டியின் ரேடியோவில் என் குரல் வரலாம். திரும்பிப் போங்கள் என்று சொல்லலாம். காற்றை நிறுத்துவேன் என்றும் சொல்லலாம். தெளிவாகவே சொல்வேன், இப்போது பழகிவிட்டது.

நிற்காதீர்கள். கதவைத் தட்டுங்கள். நான் திறக்காவிட்டாலும் தட்டிக்கொண்டே இருங்கள்.