கட்டில் சங்கத்தில் மிச்சமிருந்த ஒருத்தி

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் வீடும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். போனில்தான் பேசுகிறோமே பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நாம் என்ன பேசுகிறோம், சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அங்கே மழையா, இங்கே வெயில், குட்டி தூங்குகிறாளா, சரி வைக்கட்டுமா. நீ வைத்த பிறகுதான் எனக்குப் பேச்சு வருகிறது. அப்புறம் நான் யாரிடம் பேச, ஃப்ரிட்ஜிடம்தான் பேசவேண்டும். அதுவும் நடுவில் உர்ரென்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடுகிறது. மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். அவர்கள் நாற்காலியைத் தரதரவென்று இழுக்கும்போதெல்லாம் எவ்வளவு திட்டியிருப்பேன். இப்போது மேலே ஒரு சத்தமும் இல்லை, ஒரு நாற்காலியாவது விழாதா என்று இருக்கிறது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை, அதைப் பற்றிக் கவலைப்படாதே.

எழுத வந்தது வேறு விஷயம். இரண்டு மாதம் முன்னால் எதிர்க்கட்சிச் சங்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். உன் அப்பா வைத்த பெயர்தானே எதிர்க்கட்சி, அதுதான் எனக்கும் வாயில் வருகிறது. வங்கியில் வேலை பார்க்கிறாளாம், கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு வந்தாள், கண்ணுக்கு அது வந்து நான் பார்க்கவே இல்லை. சங்கத்துக்கு ஆண்டு மலர் போடுகிறார்களாம். ஆன்ட்டி, சங்கம் எப்படி ஆரம்பிச்சுதுன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, பழைய ஆளுங்கள்ல எழுதற நிலைமையில இருக்கிறது நீங்க ஒருத்தர்தான் என்றாள். கடையில் கடைசி ரொட்டியைக் காட்டிச் சொல்வதுபோல் சொன்னாள். சரி என்று தாளை எடுத்துவைத்து உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை. முகம் தெரியாத ஆட்களுக்கு நான் என்னவென்று எழுத. உனக்கென்றால் எழுதலாம் என்று தோன்றியது. உனக்கும் பாதிதான் தெரியும், மீதி நடந்தபோது நீ படிப்பு, வேலை என்று போய்விட்டாய்.

நீ தவழ்ந்துகொண்டிருந்த சமயம் அது. மருந்துக்கடைக்காரர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் இருந்தது தாழ்வான மரக்கட்டில். அவளைப் புரட்டவும் முடியவில்லை, தலையைத் தூக்கி ஒரு வாய் கஞ்சி கொடுக்கவும் முடியவில்லை. மருந்துக்கடைக்காரர் அப்பாவின் வெல்டிங் பட்டறைக்கு வந்து ஒன்றும் கேட்காமல் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். அப்பா அவரை அனுப்பிவிட்டுக் கையில் இருந்த கேட் வேலையை ஓரமாகச் சாய்த்து வைத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலை ஒரு தடவை பார்த்த ஞாபகம் மட்டும்தான். குழாய்களை வளைத்து, பழைய லாரி ஜாக்கியின் திருகைப் பிடுங்கிப் பொருத்தி, கைப்பிடியைச் சுற்றினால் தலைமாடு மேலே வருகிற மாதிரி செய்துவிட்டார். மெத்தைக்கு ரெக்சின் உறை தைத்தது நான். என் தையல் மெஷின் அந்த ரெக்சினில் ஊசியாக முறித்துத் தள்ளியது. நீ கட்டில் சக்கரத்தை வாயில் வைத்துக்கொண்டு கிடப்பாய், உன்னைப் பிடுங்கி எடுப்பதே ஒரு வேலை.

அந்த அம்மா எழுந்து நடந்துவிட்டாள். கட்டில் மருந்துக்கடைப் பின்கட்டில் கிடந்தது. மாத்திரை வாங்க வந்த ஒருவர் பார்த்துவிட்டு, வாதத்தில் படுத்திருக்கும் தன் தகப்பனாருக்குக் கேட்டார். அவரிடமிருந்து வருவதற்குள் இன்னொருவர் கேட்டார். அப்பா இன்னொன்று செய்தார். பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார், கழுத்தில் விசில் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை, அவர் தன் மாணவர்களை வைத்துக் கட்டிலைப் படியேற்றிக் கொடுத்தார். அப்படித்தான் சங்கம். நோயாளிகள் நலம் நாடுவோர் சங்கம் என்று பதிவு செய்தார்கள், ஊரில் எல்லாரும் கட்டில் சங்கம் என்றுதான் சொன்னார்கள். யார் கேட்டாலும் இலவசம், தேவை முடிந்ததும் திருப்பித் தரவேண்டும், அவ்வளவுதான் விதி. திரும்பி வரும் கட்டிலை அப்பா கழுவி வெயிலில் வைத்துப் புது வண்ணம் அடிப்பார். நோயாளி எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்கமாட்டார். கொண்டுவந்தவர் முகத்தைப் பார்ப்பார். எழுந்து நடக்கறாருங்க என்று அவர்களே சொன்னால் நல்லது. ஒன்றும் சொல்லாமல் நின்றால் அப்பா போய் டீ வாங்கிக்கொண்டு வருவார்.

சங்கம் இரண்டாகப் பிரிந்தது ஏன் என்று நீ சின்ன வயதில் கேட்டபோதெல்லாம் பெரியவர்கள் விஷயம் என்று வாயை அடைத்திருக்கிறேன். விஷயம் இதுதான். மளிகை மொத்த வியாபாரி ஒருவர், வேண்டிய கட்டிலெல்லாம் நானே வாங்கித் தருகிறேன், தலைமாட்டில் எங்கள் தகப்பனார் பெயரையும் என் பெயரையும் எழுதவேண்டும் என்றார். மருந்துக்கடைக்காரருக்குச் சந்தோஷம். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. சாகக் கெடக்கிறவன் தலைமாட்டுல எவனோ ஒருத்தன் பேர் எதுக்குய்யா, அவன் வீட்டுல அவன் நிம்மதியாப் படுக்கட்டும் என்றார். மருந்துக்கடைக்காரர் விடவில்லை. பேர் போட்டா பத்துப் பேருக்குக் கட்டில் கெடைக்கும், போடலன்னா உன் ரோஷம் மட்டும்தான் மிஞ்சும், படுத்துக் கெடக்கிறவனுக்கு எது வேணும்னு போய்க் கேளு என்றார். இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது, இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது. அதை அப்பாவிடம் சொன்னதற்கு ஒரு வாரம் என்னோடும் பேச்சு இல்லை. கடைசியில் கட்டில் வைக்கும் அறையில் நடுவே பலகை அடித்து அறையை இரண்டாக்கினார்கள். இந்தப் பக்கம் பெயர் இல்லாத கட்டில், அந்தப் பக்கம் பெயர் உள்ள கட்டில். கூட்ட நேரத்தையும் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் அறிக்கை வாசித்தால் இந்தப் பக்கம் விசில் வாத்தியார் வேண்டுமென்றே இருமுவார். அங்கே கைதட்டினால் இங்கே அதைவிடப் பலமாகத் தட்டவேண்டும் என்பது எழுதாத தீர்மானம். எதற்குத் தட்டுகிறோம் என்றே தெரியாமல் நானும் தட்டியிருக்கிறேன்.

அப்பா படுக்கையில் விழுந்தபோது எங்கள் கட்டில் ஒன்றுகூட அறையில் இல்லை. எல்லாம் வீடுகளுக்குப் போயிருந்தது. ஒன்றைத் திருப்பி வாங்கலாம் என்றேன், கூடாது என்றார். அடுத்த நாள் வாசலில் வேன் வந்து நின்றது. மருந்துக்கடைக்காரர் தானே முன்னால் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கட்டிலை உள்ளே கொண்டுவந்தார். தலைமாட்டில் பெயர் இருந்த இடத்தைச் சுரண்டி எடுத்திருந்தார், அவர் நகக்கண்ணெல்லாம் நீல வண்ணம். அப்பா படுத்தபடியே கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். என்னய்யா பேரச் சுரண்டிட்டியா, விட்டிருக்கலாமே, நாள் பூரா கெடக்கேன், படிக்கவாவது ஏதாவது இருந்திருக்கும் என்றார். மருந்துக்கடைக்காரர் வெளியே போய் நடையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீ லீவில் வந்தபோது பார்த்தது அந்தக் கட்டிலைத்தான், உனக்குச் சொல்ல எனக்கு அப்போது மனது இல்லை. அதற்குப் பிறகு அவர் தினம் வந்து உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டுவார். சங்கத்தைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசவில்லை. அப்பா போனபிறகு சங்கம் சேரும் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான்தான் சேரவில்லை. வீம்பு என்று சொன்னார்கள், சொல்லட்டும். நானும் அந்தப் பக்கம் போய்விட்டால் இந்தப் பக்கம் அவர் மட்டும் தனியாக நிற்பாரே என்று இருந்தது, இதை யாரிடம் சொல்லமுடியும்.

பிறகு எங்கள் பக்கத்து உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். பிளம்பர் இறந்தார். விசில் வாத்தியாரை மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள், பஸ் ஏறும்போது விசிலை ஊதிவிட்டுத்தான் ஏறினார். கண்ணாடிக்கடைத் தம்பதி மகன் இருக்கும் ஊருக்குப் போனார்கள். கடைசியில் பார்த்தால் தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் நான் ஒருத்தி. சிரிக்காதே, கூட்டத்தை நான் நிறுத்தவில்லை. மாதம் தவறாமல் அறையைத் திறந்து, பெருக்கி, நாற்காலி போட்டு, போன கூட்டக் குறிப்பைச் சத்தமாக வாசித்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்டு, இல்லை என்று எழுதி, நன்றி சொல்லிப் பூட்டிக்கொண்டு வருவேன். நீ ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடுகிறாய் என்பதற்காகக் கூட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றித் தீர்மானம் போட்டேன், எதிர்ப்பே இல்லை. சில நாள் நாற்காலியை இரண்டாகப் போட்டுவிடுவேன், பிறகு எடுத்து மடக்கிவைப்பேன். இப்போதெல்லாம் கட்டிலை வாடகைக்கு விட நிறையக் கடைகள் வந்துவிட்டன, போனில் சொன்னால் வந்து இறக்கிவிடுகிறார்கள். யாரும் கேட்டு வருவதில்லை. துருப்பிடிக்காமல் எண்ணெய் மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன்.

போன மாதக் கூட்டத்தில் குறிப்பு வாசித்துக்கொண்டிருக்கும்போது கதவைத் தட்டினார்கள். பள்ளி வேன் ஓட்டுகிறவராம், மனைவிக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன், வாடகைக் கட்டில் கட்டுப்படி ஆகவில்லை. இங்கே கெடைக்கும்னு யாரோ சொன்னாங்க, கூட்டம் நடக்குதா, வெளியில நிக்கட்டுமா என்று தயங்கினார். கூட்டம் நடக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அறை நிறையக் கட்டில் இருக்கிறது, தூக்க ஆள் இல்லை. அவர் ஒரு முனை, நான் ஒரு முனை பிடித்தோம். கதவுக்குக்கூட வரவில்லை, என் முழங்கால் மடங்கிக் கட்டில் தரையில் விழுந்தது. எனக்கு அடி இல்லை, பதறாதே. ஆனால் அந்த மனிதர் என்னைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, பரவாயில்லம்மா நான் தரையிலயே மெத்தை போட்டுக்கறேன் என்றாரே, அதுதான் தாங்கவில்லை. இத்தனை வருஷத்தில் எங்கள் வாசலுக்கு வந்த ஒருவரும் கட்டில் இல்லாமல் திரும்பியதில்லை பாப்பா.

அந்தக் கறுப்புக் கண்ணாடிப் பெண்ணுக்குப் போன் செய்தேன். எதற்கு என்று கேட்கவில்லை, இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வேனோடு வந்துவிட்டாள். நானும் கட்டிலோடு அந்த மனிதர் வீட்டுக்குப் போனேன். திருகை எந்தப் பக்கம் சுற்றவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, நான்தான் காட்டினேன். தலைமாடு மெதுவாக மேலே வந்ததும் படுத்திருந்த அவர் மனைவி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். எத்தனை நாளாச்சு, எதிர்வீட்டுல வண்ணம் மாத்திட்டாங்களே என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் இருந்துட்டுப் போங்களேன் என்றாள். பொழுது சாயும்வரை இருந்தேன். என்னை அப்படி யாரும் கேட்டு நாளாகிவிட்டது.

மறுநாள் போய் அறையைத் திறந்து அவசரக் கூட்டம் போட்டேன். உறுப்பினர்கள் அனைவரும் வந்திருந்தனர். இச்சங்கத்தை அந்தச் சங்கத்தோடு சேர்த்துவிடுவது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அழுதேன், அதைக் குறிப்பில் எழுதவில்லை. அந்த வாரமே ஆட்கள் வந்து நடுப்பலகையைப் பிடுங்கிவிட்டார்கள். அறை எவ்வளவு பெரிசு என்று எனக்கு மறந்தே போயிருந்தது.

சேர்ந்து போட்ட முதல் கூட்டம் நேற்று. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், எனக்குத் தலை சுற்றியது, கூட்டத்தில் மற்றவர்கள் பேசுவார்கள் என்பதே மறந்துபோயிருந்தது. மருந்துக்கடைக்காரரை அவர் மகன் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து என் பக்கத்தில் உட்காரவைத்தான். ரொம்ப இளைத்துவிட்டார். கொஞ்ச காலமாகவே ஞாபகம் சரியில்லை என்று மகன் காதோடு சொன்னான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. எங்க அவன், வரலையா, இன்னும் கோவமா என்று கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று எனக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. உன் அப்பாவைத்தான் கேட்கிறார். அப்பா, அவர் செத்துப்போய் என்று மகன் ஆரம்பித்தான், நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். கோவமெல்லாம் இல்லண்ணே, ஒரு வீட்டுல கட்டில் போடப் போயிருக்காரு என்றேன். அப்படியா, வந்தா நேரா இங்க வரச் சொல்லு என்றார். டீ கொடுத்தார்கள். தன்னுடையதைக் குடித்துவிட்டு, பக்கத்தில் ஒரு டம்ளரை மூடிவைக்கச் சொன்னார். கூட்டம் முடியும்வரை நான்கைந்து தடவை வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா பாப்பா, பொறாமையாக இருந்தது. அவருக்கு அப்பா இதோ வந்துவிடுவார். கடைசியில் நானும் அவரோடு சேர்ந்து வாசலைப் பார்த்தேன்.

இதையெல்லாம் மலரில் போடமுடியாது. அவர்களுக்கு ரெக்சின் ஊசி முறிந்ததையும் லாரி ஜாக்கியையும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன், அது போதும். நீ இதைப் படித்துவிட்டு உடனே போன் செய்து அழாதே, இரண்டு நாள் கழித்துச் செய். அங்கே வந்துவிடு என்றும் ஆரம்பிக்காதே, வருகிற காலத்தில் வருகிறேன். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். வேலை வேலை என்று அவரைச் சாப்பாட்டு நேரம் தவறவிடாதே, நீயும் தவறாதே. குட்டியின் பாதத்தைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து மறக்காமல் அனுப்பு, காலுறை பின்ன அளவு வேண்டும், போட்டோவில் பார்த்தால் அளவு தெரிவதில்லை. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்கவேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா