சாருகா கேட்ட செபம்

12 பெப்ரவரி 2004
இவருக்கு இருதய ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரியால் வந்து சாருகாவுக்குச் சோறு போட்டேன். சாப்பிட்டபடியே சொன்னாள்: "மேரியம்மா அன்ரி இண்டைக்கு என்ரை தலையிலை கை வைச்சு, அப்பாவைக் காப்பாத்தச் சொல்லி இயேசுவிட்டைக் கேட்டவ."
மேரியம்மா அவளுடைய வகுப்பு உதவியாளர். எங்கள் எல்லிங்ஸ்ருட் பகுதியில்தான் இருக்கிறா, கத்தோலிக்கர். நாங்கள் சைவம். அது நோர்வே அரசாங்கப் பள்ளிக்கூடம். யாரைக் கேட்டுச் செய்தா?

13 பெப்ரவரி
பள்ளிக்கூட அதிபரிடம் முறையிட்டுவிட்டேன்.

15 பெப்ரவரி
சாருகா அழுகிறாள். "நான்தானம்மா செபம் பண்ணச் சொல்லிக் கேட்டனான். அவ முதல்லை ஏலாது எண்டவ."
"பயமாயிருக்கு எண்டு என்னட்டை ஏன் சொல்லேல்லை?"
"சொன்னால் நீங்களும் அழுவியள்."
என் பிள்ளை தன் பயத்தை வேறொருத்தியிடம் கொண்டுபோயிருக்கிறாள். எனக்குச் சுட்டது அதுதானா? நாளைக்கே அதிபரிடம் உண்மையைச் சொல்லவேண்டும்.

1 மார்ச்
அதிபரிடம் போகவில்லை. மேரியம்மாவை வேலையால் நிறுத்திவிட்டார்கள்.

9 ஜூன்
மேரியம்மா வழக்குப் போட்டிருக்கிறா. பள்ளிக்கூடத்தின் பக்கம் நான் சாட்சி. "நடந்ததைச் சொல்லும், என்ன பயம்?" என்கிறார் இவர். நடந்தது முழுக்க இவருக்குத் தெரியாது.

19 அக்டோபர்
நீதிமன்றத்தில் நீதிபதி மேரியம்மாவிடம், ஏன் செபித்தீர்கள் என்று கேட்டார். "பிள்ளை அழுது கேட்டது. அந்த நேரத்தில் சட்டம் நினைவுக்கு வரவில்லை," என்றா.
அடுத்து நான். அவவின் வக்கீல் கேட்டார்: "தானே செபிக்கக் கேட்டதாக மகள் உங்களிடம் சொன்னாளா?"
"இல்லை."
உண்மை சொல்வேன் என்று உறுதி கொடுத்த வாய். மேரியம்மா என்னைப் பார்க்கவேயில்லை. பார்த்திருந்தால் - என்ன, உண்மையைச் சொல்லியிருப்பேனா? சீ. நானும் ஒரு மனுசியா?

20 அக்டோபர்
காலையில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தவில்லை. "எனக்காக அழுத பிள்ளை, கமலா. அந்த அழுகையை வைச்சே ஒருத்தியின்ரை வேலையைப் பறிச்சுப்போட்டீரே," என்றார்.
விசாரணை இன்றும் இருந்தது. மேரியம்மாவின் வக்கீலிடம் போனேன்; திரும்பவும் சாட்சி சொல்ல நீதிபதி விட்டார். நேற்றுச் சொன்னது பொய் என்றேன். பள்ளிக்கூடத்தின் வக்கீல் எரிச்சலோடு கேட்டார், ஏன் பொய் சொன்னீர்கள் என்று. மதம் என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் நம்பியிருப்பார்கள்.
"பொறாமை," என்றேன்.
முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

17 நவம்பர்
தீர்ப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் செபித்தது பிழை; ஆனால் அதற்காக வேலையால் நிறுத்தியது செல்லாது. சாருகா துள்ளினாள். இவரும் சிரித்தார். நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றேன்.

11 ஜனவரி 2005
பெற்றோர் கூட்டம். வாசலில் மேரியம்மா நின்றா. எனக்கு முன்னால் போன தமிழ்த் தாயின் கையைப் பிடித்து, "வாங்கோ, சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டா.
பிறகு நான். மரியாதையாகத் தலையசைத்து, நோர்வேஜிய மொழியில், "வணக்கம், கோப்பி உள்ளே இருக்கிறது," என்றா.
நானும் அதே மொழியில் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனேன்.