மிதக்கும் நூல்

மார்ச் 4

அன்பு மருமகளுக்கு,

எழுத்தைப் பார்த்தாலே என் உடல்நிலை உனக்குத் தெரிந்துவிடும். வரி கோணினாலும் கோட்டை விட்டு இறங்கவில்லை, கவனித்தாயா? பக்கவாதத்தில் மரத்துப்போன விரல்கள், தூண்டில் முள்ளில் நூலைச் சுற்றிப் பொய்ப்பூச்சி கட்டிக் கட்டி இப்போதுதான் வழிக்கு வருகின்றன. பிசியோதெரபிப் பெண் ஏதாவது பொடி வேலை செய்யச் சொன்னதும், நூல் கடையில் இருக்கும் உன் ஞாபகம்தான் வந்தது.

நீ அனுப்பிய மஞ்சள் கம்பளி பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆற்றில் விழுந்ததும் தண்ணீரைக் குடித்துவிட்டு நேராக அடிக்குப் போய்விட்டது. நிஜப் பூச்சி விழுந்த மாதிரி மேலே மிதந்தால்தானே மீன் ஏமாறும்? குடிக்காத நூலாகப் பார்த்து, பழுப்பு நிறத்தில் அனுப்பு.

கீழ்வீட்டுக்காரர் கேட்டார்: "விவாகரத்துதான் ஆயிடுச்சே, அந்தப் பொண்ணு இன்னும் எதுக்குப் பார்சல் அனுப்புது?" நான் சொன்னேன்: "கோர்ட்டுல என் பையனைத்தான் கூப்பிட்டுக் கேட்டாங்க. என்னை யாரும் கேக்கலையே!"

அன்புடன்,
மாமா

மார்ச் 19

அன்புள்ள மாமாவுக்கு,

குறை சொல்லும்போது மட்டும் உங்கள் கை நடுங்குவதே இல்லை! படித்துவிட்டுச் சிரித்தேன்.

கல்லாவுக்குப் பக்கத்தில் டம்ளரில் தண்ணீர் வைத்து, ஒவ்வொரு நூலிலும் ஒரு துண்டு போட்டுப் பார்த்தேன். அக்ரிலிக் கொஞ்ச நேரம் பாவனை காட்டிவிட்டு மூழ்கியது. நைலானும் அப்படியே. பை பின்னுவதற்கு வாங்கிப்போகும் பாலிப்ரோபிலீன் மட்டும் எத்தனை அமுக்கினாலும் மேலே வந்தது. முதலாளியம்மா பார்த்துவிட்டு, "நூலை விக்கச் சொன்னா, குளிப்பாட்டிக்கிட்டு இருக்கியா?" என்றார்.

ஆகவே பூச்சியின் உடம்புக்குப் பாலிப்ரோபிலீன். வாலுக்கு மட்டும் மினுங்கும் நைலான் இழை கொஞ்சம் வைத்திருக்கிறேன். நனைந்தால் நிறம் இருண்டு தெரிகிறது, அதனால் நீங்கள் கேட்ட பழுப்பைவிட வெளிறியதாகத்தான் எடுத்தேன். காய்ந்த நூலைப் பார்த்துவிட்டு, இவளுக்குக் கண் தெரியவில்லை என்று திட்டாதீர்கள்.

மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
நூல்காரி

மே 2

மாமாவுக்கு,

எழுதிக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். நான் மறுமணம் செய்துகொள்ளப் போகிறேன். தையல் மெஷின் பழுதுபார்க்கக் கடைக்கு வருபவர். அதிகம் பேசமாட்டார், நல்ல மனிதர். அடுத்த மாதம் பதிவு அலுவலகத்தில் கல்யாணம்.

உங்களைப் பற்றி அவரிடம் எல்லாம் சொன்னேன். "தாராளமா எழுது, நூலும் அனுப்பு" என்றார். பயம் எனக்குத்தான். இன்னொரு வீட்டுக்குப் போன பிறகு எந்த உரிமையில் உங்களுக்கு எழுதுவது? அப்பா போன பிறகு என்னை அதட்டவும், சாப்பிட்டாயா என்று கேட்கவும் இருந்தது நீங்கள் ஒருவர்தான். உங்களையும் இழக்க எனக்கு மனசில்லை. வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள், தாங்கிக்கொள்வேன். தாங்கிக்கொள்ளப் பார்க்கிறேன்.

நூல்காரி

மே 20

அம்மாடி,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதம் வந்த அன்று ஒரு பூச்சிகூட உருப்படியாகக் கட்ட வரவில்லை. வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். என் பையன் உன்னை இழந்துவிட்டானே என்ற வருத்தம். அதற்கு நீ என்ன செய்வாய்?

நேற்று ஆற்றுக்குப் போனேன். சட்டைப் பொத்தானை நானே போட்டுக்கொண்டு போனேன், தெரியுமா! உன் நூலில் கட்டிய பூச்சியை நம்பி இரண்டு மீன்கள் வந்தன. ஆஸ்பத்திரியில் ஸ்பூன் பிடிக்க வராமல் நான் அழுதபோது, வழக்கு நடந்துகொண்டிருந்த அந்த நாட்களிலும், பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டியவள் நீ. எந்த உரிமையில் ஊட்டுகிறாய் என்று நான் கேட்டேனா? நன்றி என்று எழுதினால் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய். பரவாயில்லை, எழுதுகிறேன். நன்றி அம்மா.

கல்யாணத்துக்கு வருகிறேன். பெண் வீட்டார் பக்கம் ஒரு நாற்காலி போட்டு வை.

ஒன்றே ஒன்று. இனிமேல் என்னை மாமா என்று எழுதாதே. மாப்பிள்ளை என்னை அப்படித்தான் கூப்பிடப் போகிறார். நீயும் அதையே சொன்னால் பார்க்கிறவர்கள் குழம்பிப்போவார்கள்.

ஆசிகளுடன்,
அப்பா