காவலர் நுழையாத அறை

நாள் 61, காலை 09:10
நிலவைச் சுற்றும் ஆய்வுக்கூடம். ஆள் ஒருத்தி. பெயர் மங்கையர்க்கரசி, நோய் எதிர்ப்பு மருத்துவர். விண்வெளியில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சோம்பேறியாகிவிடும். சின்ன வயதில் வந்து உள்ளேயே படுத்துக்கிடந்த அம்மைக் கிருமிகூட இங்கே எழுந்து உட்காரும். அதற்குத்தான் என் ஊசி. வாரம் ஒன்றாக ஒன்பதாவது ஊசியை இன்று எனக்கே போட்டுக்கொண்டேன். சோதனைக்காகச் செலுத்திய செத்த கிருமியை என் வெள்ளணுக்கள் ஐந்தே நாளில் அடையாளம் கற்றுவிட்டன. சாதாரண உடம்புக்கு இரண்டு மடங்கு நாள் பிடிக்கும். பெருமையாக இருக்கிறது, மறைப்பானேன்.

நாள் 63, 11:42
சுழல் இயந்திரத்தில் கண்ணாடிக் குழாய் வெடித்தது. ஒரு சில்லு இடது கண்ணைத் துளைத்து உள்ளே போய்விட்டது. பாதுகாப்புக் கண்ணாடி போடவில்லை. அதைப் போடாத மாணவர்களை முப்பது வருடம் வாய்க்கு வந்தபடி திட்டியவள் நான். அறுவை இயந்திரம் சில்லை எடுத்துத் தைத்துவிட்டது. அந்தக் கண்ணில் விளக்கு வெளிச்சம் மட்டும் தெரிகிறது. தெரிகிறதே!

நாள் 64, 10:05
கீழே நிலவில் கல் குவாரி இருக்கிறது. அங்கே மருத்துவர் ஜெபசிங், என் பழைய மாணவன். அவனிடம் மட்டும் சொன்னேன்.

"மேடம், அந்தக் கண்ண எடுத்திருங்க. சொன்னாக் கேளுங்க. வெளிச்சத்த நம்பி இருக்காதிய."

புத்தகப்படி அவன் சொல்வது சரி. உடம்பின் காவலர்களான வெள்ளணுக்களுக்கு மார்பெலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம். யார் நம்மவர் என்று அங்கே காட்டித் தருவார்கள். நம்மவரையே அடிக்கப் பாய்கிறவனை அங்கேயே கொன்றுவிடுவார்கள். ஆனால் கண்ணின் உட்புறம் பூட்டிய அறை, காவலர்கள் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. சில்லு பூட்டை உடைத்துவிட்டது. வெளியே சிந்தியதை அந்நியன் என்று அவர்கள் முடிவுகட்டினால், அதே சரக்கு இருக்கும் வலது கண்ணையும் தேடிப் போய் அழிப்பார்கள். காயப்பட்ட கண்ணைப் பதினான்கு நாளுக்குள் எடுத்துவிட்டால் பெரும்பாலும் தப்பலாம்.

நாள் இருக்கிறது, பன்னிரண்டாம் நாள் பார்க்கலாம் என்றேன். நிறுவனத்திடம் மூச்சு விடாதே என்றும் சொல்லிவைத்தேன். தெரிந்தால் ஆய்வை நிறுத்திவிடுவார்கள்.

நாள் 66, 09:30
அறிக்கை அனுப்பினேன். மருந்து பாதுகாப்பானது, பலன் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று எழுதினேன். கண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. உடனே பதில்:

"மிக்க மகிழ்ச்சி. குவாரிப் பணியாளர்களுக்கு நாளையே தொடங்குகிறோம்."

நாள் 70, 08:15
வலது கண்ணில் எழுத்து மங்குகிறது. வெளிச்சம் குத்துகிறது. கண்ணாடியில் பார்த்தேன், சிவந்திருக்கிறது.

ஏழே நாள். பதினான்கு நாள் என்பது சாதாரண உடம்புக்கு எழுதிய கணக்கு. என் உடம்பு சாதாரணமாக இருக்கக் கூடாதென்று ஒன்பது ஊசி போட்டவள் யார்? கழுதைக்குக்கூட இது விளங்கியிருக்கும்.

09:40
இடது கண்ணை எடுத்தாயிற்று. பிரயோசனமில்லை, காவலர்கள் கிளம்பிவிட்டார்கள். அவர்களை அடக்க ஸ்டீராய்டு வேண்டும். மருந்துப் பெட்டியில் அது இல்லை. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து இருந்தால் ஆய்வின் தூய்மை கெடும் என்று, பட்டியலிலிருந்து அடித்தது நான்தான். குவாரியிலிருந்து கொண்டுவரலாம் என்றாலும் அடுத்த விண்ணோடம் வரப் பத்தொன்பது நாள்.

நாள் 74, 12:20
இனி குரல் பதிவு. திரை எங்கே இருக்கிறதென்று கையால் தடவித்தான் தெரிகிறது. அழுதேன். அழக் கண் வேண்டியதில்லை போலிருக்கிறது.

நிறுவனத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஊசி போட்டவர்களுக்குக் கண்ணில் அடிபட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள் என்றேன். பதில்:

"நூற்று நாற்பது பேருக்குப் போட்டாகிவிட்டது. உங்களுக்கு நேர்ந்தது விபத்து. அதை மருந்தோடு சேர்த்துப் பேச வேண்டாம்."

நாள் 77, 15:05
ஜெபசிங் அழைத்தான்.

"மேடம், பேச்சிமுத்துன்னு ஒருத்தன். கல் உடைக்கிற கூடத்துல முந்தாநேத்து கண்ணுல சில்லு ஏறிட்டு. தச்சிருக்கேன். எடுக்கணும்னா வேண்டவே வேண்டாங்கான். வெளிச்சம் தெரியுதாம்."

"கட்டிப் போட்டாவது எடு. உன்னை யோசனை கேக்கல, எடுன்னு சொல்றேன்."

"மனசு கேக்க மாட்டேங்கு மேடம்."

"என் மேல பாவம் பார்த்துத்தானே அன்னைக்கு விட்ட? இப்ப நான் என்ன நிலைமையில இருக்கேன்?"

வானொலியை அணைக்காதே என்றேன். நாலு பேர் பிடித்தார்கள். எல்லாம் கேட்டது. "சார், வெளிச்சம் தெரியுது சார், தெரியுது சார்" என்று அவன் கத்திக்கொண்டே இருந்தான். மயக்க மருந்து ஏறியதும் நின்றது.

15:50
முடிந்தது. ஒருவனை முழுக் குருடாகாமல் காப்பாற்றிவிட்டேன். நான்கு நாளில் இன்றுதான் சோறு இறங்கியது.

16:30
"மேடம்… பதிவேட்ட இப்பத்தான் பாத்தேன். பேச்சிமுத்து ஊசியே போட்டுக்கிடல. அன்னைக்குக் காய்ச்சல்னு படுத்திருக்கான்."

ஊசி போடாத உடம்பு. அவனுடைய காவலர்கள் மெதுவாக நடக்கும் சாதாரணக் காவலர்கள். பொறுத்துப் பார்க்க அவனுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. ஊசி போட்டவனா என்று நான் கேட்கவில்லை. ஜெபசிங்கும் பார்க்கவில்லை.

16:34
"முழிச்சிட்டான் மேடம். கட்ட எப்ப அவுப்பியன்னு கேக்கான். கேஸ் ஷீட்ல காரணம்னு நான் என்னத்த எழுத?"

பயந்துவிட்டேன். குருடியானபோதுகூட இப்படிப் பயப்படவில்லை.

16:41
ஊசி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றான். இப்போதே அவனுக்குப் போடு, தேதியைப் பத்து நாள் முன்னால் எழுது, பிறகு நாம் செய்தது சரியாகிவிடும் என்றேன்.



"சரி மேடம்."